பச்சைத் தெருவில் கேட்ட சத்தம்

அவைக்குத் தலைமை ஏற்று, ஆயிரம் அலுவல்களுக்கு நடுவே அரைநாளை எங்களுக்காக ஒதுக்கி அமர்ந்திருக்கும் நம் மருத்துவமனையின் தலைமை மருத்துவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர அனுமதி வாரியத்தின் தலைவர் அம்மையார் அவர்களே, கடையை அடைத்துவிட்டு, கைவேலையைக் கீழே வைத்துவிட்டு, மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் தெருவிலிருந்து திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே, மடியில் பிள்ளையும் கையில் விசிறியுமாக இந்தப் புழுக்கத்திலும் புன்னகை மாறாமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தங்கைகளே, தம்பிகளே, சற்று முன்பு இந்த ஒலிபெருக்கி கீச்சிட்டபோது காதைப் பொத்திக்கொண்டும் எழுந்து போகாமல் எனக்காகப் பொறுத்திருக்கும் பொன்மனத்தோரே, அனைவருக்கும் மேலாக, யாரோ வேறொருவருக்குத்தான் பாராட்டு விழா என்பதைப் போல, மேடையின் ஓரத்து நாற்காலியில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் எங்கள் ஒலிப் பொறியாளர் அம்மையார் அவர்களே, உங்கள் ஒவ்வொருவரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

நான் ஒரு வழக்கறிஞன். பேசுவதுதான் பிழைப்பு. "சுருக்கமா முடிச்சுக்குங்க சார்" என்று விழாக் குழுச் செயலாளர் மேடைப் படியிலேயே என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். முயல்கிறேன். முன்வரிசையில் சிரிக்கிறீர்கள். என்னை முன்பே அறிந்தவர்கள் நீங்கள்.

ஓசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உலையில் கொதிக்கும் ஓசை உண்டு. உளியில் பிறக்கும் ஓசை உண்டு. ஊஞ்சல் ஆடும் ஓசை உண்டு. உறங்கும் குழந்தையின் மூச்சிலும் ஓர் ஓசை உண்டு. ஓசையில்லாமல் ஓர் ஊர் உண்டா? ஆனால் அவையோரே, ஒரே ஓசை ஒருவருக்கு உயிராகவும் இன்னொருவருக்கு உபாதையாகவும் இருக்குமானால் என்ன செய்வது? அந்த இருவரும் ஒருவரே ஆகிவிட்டால் அப்போது என்ன செய்வது?

நடந்ததைச் சொல்கிறேன்.

நம் மருத்துவமனையின் மொட்டை மாடியில் ஹெலிகாப்டர் இறங்கும் தளம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதன் பின்புறம், சலவைக்கூடத்தின் உயரமான புகைபோக்கியைத் தாண்டினால், ஒரு குறுகலான தெரு. இருபுறமும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். அவற்றில் ஒன்றின் உச்சி மாடியில் ஒரு தையற்கடை. கடையும் அதுதான், வீடும் அதுதான். அங்கே இரண்டு சகோதரிகள். அக்காள் துணியை வெட்டுவார், தங்கை தைப்பார். அக்காள் வெட்டிக் கொடுத்த துணியை அளந்து பார்க்கத் தேவையில்லை என்று தங்கை பெருமையாகச் சொல்வார்.

ஒருநாள் அக்காள் பயணம் செய்த பேருந்து மலைப்பாதையில் கவிழ்ந்தது. மண்டையில் பலத்த அடி. சாலை வழியே கொண்டுவந்திருந்தால் பாதி வழியிலேயே எல்லாம் முடிந்திருக்கும். ஹெலிகாப்டர் போனது. தூக்கி வந்தது. இதோ அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் மண்டையைத் திறந்து, கட்டியிருந்த இரத்தத்தை எடுத்து, அவரைப் பிழைக்க வைத்தார். கை தட்டுகிறீர்கள், நன்றாகத் தட்டுங்கள். அந்தக் கைகளுக்கு எத்தனை தட்டினாலும் தகும்.

அக்காள் வீடு திரும்பினார். பேச்சு மெதுவாக வந்தது. கத்தரிக்கோல் பிடிக்கும் வலிமையும் கைக்கு மெதுவாகத் திரும்பியது. எல்லாம் திரும்பியது, நிம்மதி மட்டும் திரும்பவில்லை. ஹெலிகாப்டர் வந்து இறங்கும் நேரத்தில் தட், தட், தட் என்று கன்னத்தில் அறைவதைப் போல ஒரு சத்தம் அந்தத் தெருவில் எழும். அது தொடங்கும்போதே அக்காள் வெட்டுமேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்வார். கண் இருளும். குமட்டும். அதன் பிறகு அன்றைய பொழுது முழுவதும் படுக்கைதான். அடிபட்ட தலை ஆறும் வரை அப்படி அறையும் சத்தம் ஆகாது என்றார்கள் மருத்துவர்கள். எந்த ஊர்தி அவரைச் சாவிலிருந்து தூக்கி வந்ததோ, அதே ஊர்தி அவரை வாரத்தில் பல நாள் வதைத்தது.

"வீட்டை மாத்திக்க வேண்டியதுதானே" என்று அங்கே ஓர் ஐயா கேட்கிறார். நல்ல கேள்விதான். வாடிக்கைக்காரர்கள் எல்லாம் அந்தத் தெருவில். அக்காள் சிகிச்சைக்கு நடந்து போகும் மருத்துவமனை அடுத்த சந்தில். அவர்கள் எங்கே போவார்கள் ஐயா?

தங்கை சும்மா இருக்கவில்லை. சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரி ஒரு வண்ண வரைபடத்தை மேசைமேல் விரித்தார். சத்தம் அதிகமான இடம் சிவப்பு, நடுத்தரமான இடம் மஞ்சள், தொந்தரவே இல்லாத இடம் பச்சை.

"உங்க தெரு எதும்மா?"

"இதோ, சலவைக்கூடத்துக்குப் பின்னாடி."

"பச்சையா இருக்கு பாருங்க. அங்க சத்தமே வராது."

"சார், எங்க அக்கா படுத்த படுக்கையா கிடக்கா."

"அடிபட்டவங்க இல்லையா. மனசுல பயம் உக்காந்துருச்சுன்னா அப்படித்தான் தோணும். நல்ல டாக்டரா பாருங்கம்மா."

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்து, கதவு வரை வந்து வழியனுப்பியவர். ஆனால் அவர் எதை நம்பினார்? கண்ணெதிரே நின்ற மனுஷியையா? காகிதத்தில் கிடந்த பச்சையையா? பச்சையைத்தான் நம்பினார். அந்தப் பச்சை பக்கத்துத் தெருவுக்கும் பரவியிருந்தது. அங்கே உண்மையிலேயே அமைதி. அங்கிருந்தவர்கள் தங்கைக்குச் "சத்தக்காரி" என்று பட்டப்பெயரே சூட்டிவிட்டார்கள். நோய் ஒரு பக்கம் நோகடிக்க, நம்பாத ஊர் மறுபக்கம் நோகடித்தது. எது அதிகம் வலித்தது என்று தங்கையிடம் கேட்டேன். "நம்பாததுதான் சார்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் மருத்துவமனை இன்னும் அதிகமாக ஹெலிகாப்டர்களை இறக்க அனுமதி கேட்டது. வாரியத்தில் விசாரணை. சகோதரிகளுக்காகவும் தெரு மக்களுக்காகவும் நான் வாதாடினேன். எதிர்த்தரப்பில் நிபுணர் சாட்சியாக வந்து நின்றவர் யார்? இதோ, இந்தப் பொறியாளர் அம்மையார். அந்த வரைபடத்தைக் கணக்கிட்டு வரைந்தவர் இவர்தான். நிமிர்ந்து பாருங்கள் அம்மா, இனிமேல் உங்களைக் குறுக்கு விசாரணை செய்யமாட்டேன்.

அன்று கேட்டேன்: "இந்த வரைபடத்தை எந்தத் தெருவில நின்னு கேட்டு வரைஞ்சீங்க?"

"நின்னு கேட்டு வரையல சார். கணக்குப் போட்டு வரைஞ்சது."

"ஒரு தடவையாவது இந்தத் தெருவுக்குப் போயிருக்கீங்களா?"

"இல்ல."

அவ்வளவுதான். சமாளிக்கவில்லை, சுற்றி வளைக்கவில்லை, சட்டத்தைத் துணைக்கு அழைக்கவில்லை. அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கவும் இல்லை. எனக்குப் பின்னால் பெஞ்சில் அமர்ந்திருந்த சகோதரிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விசாரணை முடிந்ததும் நேராக அவர்களிடம் போனார்.

"நான் உங்க வீட்டுக்கு வந்து கேக்கலாமா?"

எதிர்த்தரப்புச் சாட்சியை வீட்டுக்குள் விடுவதா? எந்த வழக்கறிஞன் ஒப்புவான்? வாயைத் திறந்தேன். அதற்குள் தங்கை பதில் சொல்லிவிட்டார்.

"வாங்க மேடம். எப்ப வேணாலும் வாங்க. இத்தனை நாள்ல, வந்து கேக்கட்டுமான்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்."

ஒரு பிற்பகலில் வந்தார். அளவு கொடுக்க வருபவர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார். தங்கை தேநீர் கொடுத்தார். அக்காள் ஒரு சட்டைத் துணியில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நானும் அங்கே இருந்தேன். எல்லாரும் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது. முதலில் தூரத்தில் ஒரு முனகல். சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு புகைபோக்கிக்கு அருகே அது சாய்ந்து திரும்பிய நொடியில், தட், தட், தட் என்று அறை விழத் தொடங்கியது. சன்னல் கண்ணாடி நடுங்கியது. குண்டூசிப் பெட்டி மேசையில் தானாக நகர்ந்தது. அக்காள் கையிலிருந்த சுண்ணக்கட்டி விழுந்தது. விளிம்பைப் பிடித்தார், பிடி நழுவியது, தங்கை ஓடிப் போய்த் தாங்கிக்கொண்டார்.

சத்தம் ஓய்ந்தது. தேநீர் பொறியாளரின் கையிலேயே ஆறிப்போயிருந்தது.

"இது என் கணக்குல இல்ல" என்றார் மெல்ல.

தங்கை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப சத்தம் இருக்குல்ல மேடம்? எங்க அக்காவுக்குப் புத்தி பேதலிக்கலல்ல?"

"இல்லம்மா. சத்தம் இருக்கு. நானும் கேட்டேன்."

நானும் கேட்டேன். இரண்டே சொற்கள். எத்தனை மனுக்களுக்குக் கிடைக்காத பதில் அது. எத்தனை முத்திரைகள் தராத ஆறுதல் அது. அந்த இரண்டு சொற்களைக் கேட்டு, விபத்து நடந்த நாளிலும் அழாத அந்தத் தங்கை, அக்காளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓசையின்றி அழுதார்.

கணக்கில் ஏன் இல்லை? சில நாள் கழித்து மீண்டும் வந்த அம்மையார், அக்காளுக்கு அதை விளக்கினார். தேநீரில் ஒரு கரண்டியை இழுத்துக் காட்டினார்.

"கரண்டிக்குப் பின்னாடி ஒரு சுழி வருது பாருங்க அக்கா. ஹெலிகாப்டர் மேல சுத்துற ஒவ்வொரு இறக்கையும் அதோட நுனியில இப்படித்தான் காத்தைச் சுருட்டி விட்டுட்டுப் போகும். நேராப் பறக்கும்போது அந்தச் சுழியெல்லாம் கீழ விலகிப் போயிடும். இறங்கும்போது விலகாது. அடுத்த இறக்கை வந்து அது மேலேயே அறையும். அதான் உங்களுக்குக் கேக்குற தட் தட்."

அக்காள் யோசித்தார். அவருக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வரும். "அப்ப... பக்கத்துத் தெருவுல... ஏன் கேக்கல?"

"அது எனக்கும் தெரியலக்கா. அதைத்தான் கண்டுபிடிக்கணும்."

எனக்குத் தெரியவில்லை என்று ஒரு நிபுணர் ஒரு நோயாளியிடம் சொன்னார், நண்பர்களே. அங்கேதான் எனக்கு அவர்மீது மரியாதை பிறந்தது.

விதிமுறை என்ன சொல்கிறது? ஹெலிகாப்டர் நேராகப் பறக்கும்போது எவ்வளவு சத்தம், ஒரே சீராக இறங்கும்போது எவ்வளவு சத்தம், இரண்டையும் அளந்து, ஒட்டுத்துணி தைப்பதைப் போல ஒட்டவைத்து வரைபடம் போடு என்கிறது. அதைத்தான் இவர் செய்திருந்தார். ஆனால் சலவைக்கூடத்துக்கு மேலே அது நேராகவும் பறக்கவில்லை, சீராகவும் இறங்கவில்லை. அங்கே என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள விமானியைத் தேடிப் போனார். எல்லாரும் கேப்டன் என்று அழைக்கும் அந்தப் பெரிய மீசைக்காரரை உங்களுக்குத் தெரியும். அவருக்கும் கோபம் இருந்தது.

"உயிரைக் காப்பாத்தப் பறக்குறேன் மேடம். என்னைப் போய்ச் சத்தம் போடுறவன்னு சொல்றாங்க."

"நீங்க போடுறீங்கன்னு நான் சொல்லல கேப்டன். அந்த இடத்துல என்ன பண்றீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"புகைபோக்கி நிக்குது. அதைத் தாண்டின உடனே சாச்சுத் திருப்பணும். திருப்பும்போதே மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்கணும். ரெண்டும் ஒண்ணாப் பண்ணினாத்தான் சட்டுனு இறங்க முடியும்."

"ரெண்டும் ஒண்ணாவா?"

"ஒண்ணாத்தான்."

அம்மையாரின் முகம் மாறியதைக் கேப்டன் பிறகு என்னிடம் வர்ணித்தார். "தொலைஞ்ச சாவி கிடைச்ச மாதிரி பாத்தாங்க சார்" என்றார்.

திரும்பும்போது ஹெலிகாப்டர் சாய்கிறது. அதன் எடையைத் தாங்க இறக்கைகள் இன்னும் பலமாகக் காற்றை அழுத்த வேண்டும். சுழிகள் இன்னும் முறுக்கேறுகின்றன. மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்கும்போது அந்தச் சுழிகள் விலகாமல் இறக்கையின் பாதையிலேயே தங்குகின்றன. தனித்தனியே நடந்தால் பொறுக்கலாம். ஒன்றாக நடக்கும் அந்தச் சில வினாடிகளில், அறை இடியாகிறது. அதோடு இறக்கைகள் சுற்றும் வட்டம் ஒரு தட்டைப் போலச் சாய்ந்திருப்பதால், அந்த இடி நாலாபுறமும் பரவாமல் ஒரே பக்கமாகப் பாய்கிறது. எந்தப் பக்கம்? அதைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். காட்டினால்தான் வாரியம் நம்பும்.

அவருடைய நிறுவனத்தின் மேலாளர் ஒப்பவில்லை. "விதி கேட்டதை நாம குடுத்துட்டோம்மா. அவங்களும் ஏத்துக்கிட்டாங்க. இப்போ நாமளே போய் இல்லேன்னு சொன்னா, நாளைக்கு எவன் நமக்கு வேலை குடுப்பான்?" என்றார். மேலாளர் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவரை நம்பி எத்தனையோ குடும்பங்கள். அந்தக் கவலையும் கவலைதானே? ஆனால் அம்மையார் சொன்னார்: "சார், விடுமுறை நாள்ல என் வீட்டுல உக்காந்து போட்டுப் பாக்குறேன். கம்பெனி நேரத்துல ஒரு நிமிஷம் எடுக்கல." ஹெலிகாப்டர் பறந்த பதிவுகளை எடுத்துக்கொள்ள மருத்துவமனையில் அனுமதி கேட்டார். கேட்ட மாத்திரத்தில் கொடுத்தவர் நம் தலைமை மருத்துவர். தனக்கு எதிராகத் திரும்பக்கூடும் என்று தெரிந்தும் கொடுத்தார்.

சாப்பாட்டு மேசைதான் ஆராய்ச்சிக்கூடம். விடுமுறை நாளில் கணவர் சமைப்பார், இவர் கணக்குப் போடுவார். கேப்டனின் கை எப்போது அசைந்தது, ஹெலிகாப்டர் எப்போது சாய்ந்தது, ஒவ்வோர் இறக்கையும் எங்கே மேலெழுந்து எங்கே தாழ்ந்தது, ஒவ்வொரு சுழியும் எங்கே மிதந்தது, எங்கே பிறந்த ஓசை எப்போது எந்தச் சன்னலை அடைந்தது: இத்தனையும் நொடிக்கு நொடி, நொடியின் துகளுக்குத் துகள். கம்ப்யூட்டர் சூடேறி முனகும். மகள் பள்ளிப் பையோடு வந்து நின்று, "அம்மா, உன் ஹெலிகாப்டர் இறங்கிடுச்சா? நான் மேசையில எழுதணும்" என்பாள்.

முதல் விடை வந்தது. தவறான விடை. இடி விழும் தெரு என்று அது காட்டியது, பக்கத்துத் தெருவை. சத்தமே கேட்காத அமைதித் தெருவை. தையற்கடையின் மொட்டை மாடியிலும் பக்கத்துத் தெருவிலும் அவர் வைத்திருந்த ஒலிவாங்கிகள் ஒன்று சொல்ல, கணக்கு வேறொன்று சொன்னது. வாரக்கணக்கில் தடுமாறினார். "விட்டுடலாமான்னு தோணுச்சு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். யாருக்குத்தான் தோன்றாது? சம்பளம் இல்லை, ஆதரவு இல்லை, கைக்கு எட்டிய விடையும் கைகொடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மகள் பால்கனியில் குழாயைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். இவர் கூப்பிட்டார். குழாயோடு சட்டென்று திரும்பினாள் மகள். குழாய் திரும்பிவிட்டது, ஆனால் அதிலிருந்து முன்பே கிளம்பிவிட்ட நீர் திரும்பவில்லை. அது பழைய திசையிலேயே போய்ச் சுவரில் விழுந்தது. புதிதாகக் கிளம்பிய நீர் அம்மாவின் முகத்தில் விழுந்தது. அடுப்பருகே இருந்து ஓடிவந்த கணவர், முழுக்க நனைந்துபோய் நின்ற மனைவி திட்டாமல் அசையாமல் நிற்பதைப் பார்த்துப் பயந்தேபோனாராம்.

"என்னாச்சு?"

"பழைய சுழியை நான் மறந்துட்டேங்க" என்றாராம் இவர்.

சிரியுங்கள், சிரியுங்கள். அவரே சிரிக்கிறார். ஆனால் அதுதான் விடை. ஹெலிகாப்டர் திரும்பிய உடனே சுழிகளும் திரும்பிவிடும் என்று கணக்கு எண்ணியிருந்தது. திரும்பவில்லை. திரும்புவதற்கு முன்பு விட்ட சுழிகள் பழைய இடத்திலேயே மிதந்துகொண்டிருக்க, திரும்பிய இறக்கைகள் அவற்றின்மீதே போய் மோதுகின்றன. அந்தப் பழைய சுழிகளையும் கணக்கில் சேர்த்தார். வரைபடத்தில் ஒரு சிவப்பு நாக்கு நீண்டது. சலவைக்கூடத்தைத் தாண்டி, பக்கத்துத் தெருவைத் தொடாமல், நேராகத் தையற்கடையின் மாடியில் போய் அது நின்றது. ஒலிவாங்கிகள் ஆம் என்றன.

மீண்டும் விசாரணை. "போறதுன்னா உன் பேர்ல போ, கம்பெனி பேர்ல போகாதே" என்றார் மேலாளர். தன் பெயரில் வந்தார். எதிர்த்தரப்புச் சாட்சியை நானே என் சாட்சியாக அழைத்த ஒரே வழக்கு என் வாழ்நாளில் அதுதான். வாரியத் தலைவர் அம்மையார் கேட்டார்கள்: "அப்போ உங்க பழைய வரைபடம் தப்புன்னு சொல்றீங்களா?"

"நேராப் பறக்குற ஹெலிகாப்டருக்கு அது சரி மேடம். அந்தத் தெருவுக்கு மேல அது நேராப் பறக்கல."

வெற்றி என் கைக்கு வந்துவிட்டது. தெரு மக்கள் பின்னால் இருந்து, "மூடச் சொல்லுங்க சார், தளத்தையே மூடச் சொல்லுங்க" என்றார்கள். நான் எழுந்தேன். தளத்தின் அனுமதியையே ரத்து செய்யக் கேட்கும் மனு தயாராக இருந்தது. அங்கியைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். திரும்பினால் தங்கை. அவருக்கு அருகில், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அக்காள் எழுந்துகொண்டிருந்தார். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு அவர் பேசியதை, அந்த இடைவெளிகளில் யாரும் இருமக்கூடச் செய்யாமல் கேட்டோம்.

"நான்... அதுல வந்தவ. அது வரலேன்னா... நான் இல்ல. எனக்கு வலிக்குதுன்னு... இன்னொருத்தர் வர்ற வழியை... அடைக்கச் சொல்ல மாட்டேன். ஆனா... எனக்கு வலிக்கலேன்னு மட்டும்... யாரும் சொல்லாதீங்க."

அன்பார்ந்தவர்களே, அதைவிடச் சிறந்த வாதத்தை நான் எந்த மன்றத்திலும் கேட்டதில்லை. மனுவை மடித்துப் பைக்குள் வைத்தேன். சத்தம் போடுகிறவர் என்று தன்னைச் சொல்லிவிட்டார்களே என்ற மனக்குறையோடு கடைசி வரிசையில் இருந்த கேப்டன் எழுந்து முன்னால் வந்தார். பொறியாளரைப் பார்த்துக் கேட்டார்: "வேற வழி இருந்தா சொல்லுங்க மேடம். பறந்து பாக்குறேன்."

அதன் பிறகு இருவரும் சேர்ந்து வழி தேடினார்கள். இவர் கணக்கில் பறப்பார், அவர் வானத்தில் பறப்பார். இவர் போட்டுக்கொடுத்த முதல் பாதையைப் பார்த்துவிட்டு, "இதுல நான் போனா, ஆபரேஷன் எனக்குத்தான் பண்ணணும்" என்றாராம் கேப்டன். இன்னொன்றுக்குக் காற்று ஒத்துவரவில்லை. இன்னொன்றில் அந்தத் தெரு தப்பியது, அநாதை இல்லத்தின் மேல் சிவப்பு விழுந்தது. வேண்டாம் என்று இவரே அழித்தார். கடைசியில் ஒன்று அமைந்தது. முன்கூட்டியே, சரக்கு ரயில் நிற்கும் குடியிருப்பு இல்லாத மைதானத்தின் மேலேயே திரும்பிவிட வேண்டும். திரும்பி முடித்து, நிமிர்ந்து, பிறகுதான் கால்வாயின் மேல் நேராக வந்தபடியே வேகத்தைக் குறைக்க வேண்டும். திரும்புவது ஓரிடம், வேகம் குறைப்பது வேறிடம். கொஞ்சம் சுற்று, கொஞ்சம் தாமதம்.

அந்தக் கொஞ்சத்தை யார் தருவது? உள்ளே கிடப்பது உயிரல்லவா? நம் தலைமை மருத்துவர் முடிவு சொன்னார்: தாங்கக்கூடிய நோயாளி என்றால் புதிய பாதை, நொடியும் தாமதிக்க முடியாத நிலை என்றால் பழைய பாதை, முடிவு கேப்டன் கையில். பழைய பாதையில் வர நேர்ந்தால், மருத்துவமனையிலிருந்து முன்னதாகவே தையற்கடைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அக்காள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். தெரு ஒப்புக்கொண்டது. முழு வெற்றி யாருக்கும் இல்லை, அவையோரே. ஆனால் முழுத் தோல்வியும் யாருக்கும் இல்லை.

புதிய பாதையில் முதன்முதலாக நோயாளியோடு ஹெலிகாப்டர் வந்த நாளில் நாங்கள் எல்லாரும் தையற்கடையில் இருந்தோம். மாடியில் ஒலிவாங்கி. பொறியாளரின் கையில் அதன் அளவைக் காட்டும் கருவி. அக்காள் பழக்கத்தில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். கால்வாய்ப் பக்கத்திலிருந்து ஒரு வண்டின் ரீங்காரத்தைப் போல ஏதோ வந்தது. வளர்ந்தது. நின்றது.

கண்ணைத் திறக்காமலே அக்காள் கேட்டார்: "எப்ப வரும்?"

"இறங்கிடுச்சுக்கா" என்றார் தங்கை.

அக்காளின் விரல்கள் விளிம்பை விட்டன, ஒவ்வொன்றாக. சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "கருவி என்ன சொல்லுது மேடம்?" என்று நான் பொறியாளரிடம் கேட்டேன். அவர் அப்போதுதான் கையைப் பார்த்தார். "தெரியல சார். நான் அக்கா முகத்தையே பாத்துட்டிருந்துட்டேன்" என்றார்.

இதற்கெல்லாம் அவருக்கு என்ன கிடைத்தது? மருத்துவமனை வேலைகளிலிருந்து அவரை நிறுவனம் விலக்கியது. நெடுநாள் நெடுஞ்சாலையோரத் தடுப்புச் சுவர்களில் மோதும் சத்தத்தை அளந்துகொண்டிருந்தார். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. பிறகு வாரியம் ஒரு விதியைத் திருத்தியது: இறங்குதளம் கேட்கும் எவரும், ஹெலிகாப்டர் நேராகப் பறக்கும் சத்தத்தை மட்டும் காட்டினால் போதாது, அது வளையும்போதும், சாயும்போதும், வேகம் குறையும்போதும் எழும் சத்தத்தையும் காட்ட வேண்டும். அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள இன்று பல இடங்களிலிருந்து இவரைத் தேடி வருகிறார்கள். இவரை மீண்டும் அழைத்து, மருத்துவமனை வேலைகளின் பொறுப்பைக் கொடுத்தவர் அதே மேலாளர். அதற்காகவும் ஒருமுறை கை தட்டுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இதோ முடிக்கிறேன்.

கணக்கு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்குதான் அந்தத் தெருவைக் காத்தது. ஆனால் எந்தக் கணக்கு? படியேறிப் போன கணக்கு. பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட கணக்கு. பச்சை என்று எழுதிய பிறகும் ஒருத்தி அழுகிறாள் என்றால், அழுகையை அழிக்காமல் பச்சையை அழித்த கணக்கு. உங்கள் அலுவலகத்தில் ஒரு மனு வரும். உங்கள் வகுப்பறையில் ஒரு குழந்தை முனகும். உங்கள் வீட்டிலேயே ஒருவர் வலிக்கிறது என்பார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று காகிதம் சொல்லும். அப்போது என்ன செய்வீர்கள்? காகிதத்தைக் காட்டி அனுப்புவீர்களா, கூடவே போய்க் கேட்பீர்களா? போய்க் கேளுங்கள். பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் செவிக்கு எட்டும் வரை கேளுங்கள்.

சென்ற மாதம் ஒரு வேலையாக மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அவசர சிகிச்சைப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் ஓர் இளம்பெண். கணவரை ஹெலிகாப்டரில் ஏற்றிவிட்டு, சாலை வழியே பின்னால் வந்து சேர்ந்தவர். ஒரு காலில் செருப்பில்லை. மூடிய கதவையே பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார். அவர் அருகில் யார் உட்கார்ந்திருந்தது தெரியுமா? நம் தையற்கடை அக்காள். ஹெலிகாப்டர் இறங்கும் ஓசை கேட்டால் இப்போதெல்லாம் அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, தலையை வாரிக்கொண்டு, படியிறங்கி அங்கே வந்துவிடுகிறாராம். யாரும் அழைப்பதில்லை.

"உள்ள என்னங்க பண்ணுவாங்க?" என்று அந்தப் பெண் கேட்டார்.

அக்காள் மெதுவாகச் சொன்னார்: "மொதல்ல... துணியைக் கத்தரிப்பாங்க. நல்ல துணியா இருந்தாலும்... கத்தரிப்பாங்க. அப்புறம்... பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. நிறைய தடவை... கூப்பிடுவாங்க. உள்ள இருக்குறவங்களுக்கு... அது கேக்கும்."

அந்தப் பெண்ணின் நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் அவர் சாய்ந்துகொள்ள ஒரு தோள் இருந்தது. நான் வந்த வேலையை மறந்து சற்று நேரம் அங்கேயே நின்றேன்.

எங்கள் தெருவுக்கு வந்து கேட்ட அம்மையாரே, உங்களுக்கு இந்த ஊரின் வணக்கம். வழிவிட்டவர்களுக்கும், வழி மாறிப் பறந்தவருக்கும், இவ்வளவு நேரம் என் குரலைப் பொறுத்துக்கொண்ட உங்கள் செவிகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. போகும் வழியெல்லாம் அமைதி உங்களோடு வரட்டும். வணக்கம்.